லயத்துக்குள் வந்த நப்கின்

மலைநாட்டுப் பெண்கள் வரலாறு: தொடர் 19

சென்ற இதழை 1984 வேலைநிறுத்தத்தோடு முடித்திருந்தோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்ற ஏற்பாடு தோட்டங்களுக்கு வந்தது அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான். சம்பளம் ஒன்றானது; வேலைநேரம் ஒன்றாகவில்லை. கவ்வாத்து வெட்டும் ஆண் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குத் தன் கணக்கை முடித்துவிட்டு லயத்துக்குத் திரும்பிவிடுவான். கொழுந்து எடுப்பவள் மாலை நிறுவை முடியும்வரை மலையில் நின்றாக வேண்டும். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இந்த அரைப்பேரை வாசகர் மறக்கக்கூடாது. இன்றைக்குச் சொல்லப்போகும் கதை அதைச் சுற்றியே போகிறது.

கதை மாதவிடாய்த் துணியைப் பற்றியது. இதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். தோட்டத்துப் பதிவேடுகளும் அப்படித்தான் நினைத்தன. அவற்றில் ஆள்வரவு இருக்கிறது, கடன் இருக்கிறது, பிறப்பும் இறப்பும் இருக்கின்றன. 1939ஆம் ஆண்டு பிரசவ சகாயச் சட்டம் வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு விடுப்பும் பணமும் எவ்வளவு என்று அது வரையறுத்தது. 1980களில் கருத்தடை செய்துகொள்ள ஊக்கத்தொகையே கொடுத்தார்கள். பிள்ளை பெறுவதிலும் பெறாமல் இருப்பதிலும் தோட்டத்துக்கும் அரசாங்கத்துக்கும் அக்கறை இருந்தது. அவை இரண்டுக்கும் நடுவே மாதாமாதம் வந்து போன நாட்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அந்த நாட்களின் கதையை லுணுகலையிலிருந்து தொடங்கலாம். பசறையிலிருந்து பிபிலைக்குப் போகும் பாதையில், தேயிலை மலை முடிந்து வரண்ட நாடு தொடங்கும் விளிம்பில் இருக்கிறது இந்தச் சின்ன நகரம். பக்கத்தில் ஹொப்டன், அடாவத்தை. மேலே ஏறினால் மடுல்சீமை. 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழிக்கவந்த இலை நோய் முதலில் கண்ணில் பட்டது இந்த மடுல்சீமையில்தான். அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் அதை ‘நாசக்கார எமிலி’ என்று ஒரு பெண்ணின் பெயரால் வைதார்கள். தோட்டத்துக்குக் கேடு வந்தால் அதற்கும் ஒரு பெண் வேண்டியிருந்தது போலும்.

கோப்பி பருவத்துப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்கு ஆட்கள் வந்தார்கள், முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். வந்தவர்களில் ஆண்களே அதிகம். தேயிலை அப்படியல்ல. ஆண்டு முழுவதும் துளிர்க்கும், ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வேண்டும், விட்டால் கொழுந்து முற்றிவிடும். கோப்பி செத்து தேயிலை வந்ததும், குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்கும் ஆட்கள், முக்கியமாகப் பெண்கள், தோட்டத்துக்குத் தேவைப்பட்டார்கள். மாதத்தின் எல்லா நாளும் பெண்ணின் கை வேண்டும் என்ற தொழில் அப்படித்தான் இந்த மலைக்கு வந்தது. அந்தக் கைக்குரியவளுக்கு மாதத்தில் நான்கைந்து நாள் உதிரம் போகும் என்பதை அந்தத் தொழிலின் கணக்கு என்றைக்கும் சேர்த்துக்கொண்டதில்லை.

பெண் பெரிய மனுசியானால் லயமே அமளிப்படும். தாய்மாமன் சீர், மாற்றுச்சேலை, ஸ்பீக்கர் பாட்டு, சோறு. அடுத்த மாதத்திலிருந்து யாரும் எதுவும் பேசமாட்டார்கள். வீட்டுக்குத் தூரமானவள் சாமித்தட்டுப் பக்கம் போகக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, சில வீடுகளில் அடுப்பங்கரைக்கும் போகக்கூடாது. மலைக்கு மட்டும் போகலாம். துரை தீட்டுப் பார்ப்பதில்லை.

அவள் கட்டிக்கொண்டு போன துணியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். கட்டிப் பழசாகி நைந்த வொயில் சேலை, அதைத்தான் கிழிப்பார்கள். புதுத்துணி உதிரத்தை உறிஞ்சாது, தொடையையும் அறுக்கும். முழ நீளத் துண்டை நான்காக, ஆறாக மடித்து, இடுப்பில் கட்டிய நாடாவில் முன்னும் பின்னும் செருகிக்கொள்வார்கள். அதற்கு மேல் பாவாடை, அதற்கு மேல் கொழுந்துச் செடி கீறாமலிருக்கக் கட்டும் படங்கு. காலை பெரட்டுக்குப் போனால் சாப்பாட்டு நேரம்வரை மாற்ற வழியில்லை. மலையில் கக்கூஸ் கிடையாது. அண்மைக் காலத்தில் சில தோட்டங்களில் கட்டியிருக்கிறார்கள், பல மலைகளுக்கு இன்னும் வரவில்லை. லயத்துக்கு ஓடிப்போய் மாற்றி வந்தால் ஒரு மணி நேரம் போகும். ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மூன்று கிலோ கொழுந்து. அந்தக் கிலோ குறைந்தால் என்ன நடக்கும் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

மாலையில் அந்தத் துணியைத் துவைக்க வேண்டும். பீலிக்கரையில் ஆள் ஓய்ந்த பிறகு, பெரும்பாலும் இருட்டில். உலர்த்துவது அதைவிடக் கஷ்டம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறேழு பேர். அப்பாவும் அண்ணனும் தம்பியும் நடமாடும் இஸ்தோப்பில் கொடி. அந்தக் கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துத்தான் அது தொங்கும். வெயில் படாது. ஊவாவில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் மழையும் பனிமூட்டமும். ஈரம் காயாமலே மறுநாள் இடுப்புக்குப் போகும். ஆடி, ஆவணியில் வரண்ட காற்று வீசும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித்தரும் மணம் அந்தக் காற்றில்தான் பிறக்கிறது. அதே மாதங்களில் பீலியில் நீர் நூலாகிவிடும். துணி நல்லதா கெட்டதா என்று பட்டணத்தில் உட்கார்ந்து வாதம் செய்பவர்கள் இந்த இரண்டு பருவங்களையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இனி நப்கின். அது பிறந்தது யுத்தத்தில். முதலாம் உலகப் போரில் காயத்துக்குக் கட்ட, மரக்கூழிலிருந்து ஒருவகைப் பஞ்சு செய்தார்கள். பருத்தியைவிட மலிவு, அதைவிட நன்றாக உறிஞ்சியது. போர்முனைத் தாதியர் அதைத் தங்கள் தேவைக்கும் எடுத்துக்கொண்டார்கள். போர் முடிந்து மிஞ்சிய பஞ்சை என்ன செய்வது என்று யோசித்த கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் 1920இல் ‘கோடெக்ஸ்’ என்ற பெயரில் நப்கினாக விற்க வந்தது. அமெரிக்கப் பெண்கள் கடைக்காரனிடம் வாய்விட்டுக் கேட்கக் கூசினார்கள். அதனால் கடை மேசையில் ஒரு பெட்டி வைத்தார்கள். 50 சதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் யாரிடமும் பேச வேண்டாம். 1928இல் ‘மோடெஸ்’ என்ற நப்கினை விற்ற கம்பனி பத்திரிகையிலேயே ஒரு துண்டை அச்சிட்டது. வெட்டியெடுத்துக் கடையில் நீட்டினால் போதும். நம் ஊர்க் கடைக்காரர் நப்கினைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவதைப் பார்த்துவிட்டு, இது ஏதோ நம் பிற்போக்கு என்று வெட்கப்படுவோருக்காக இதைச் சொல்கிறேன். வெட்கம் எல்லா நாட்டிலும் இருந்தது. வியாபாரிகள் அதைச் சுற்றிப்போக வழி கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தோட்டங்களில் அந்த வழி திறக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தோட்டத்துக் கடை ஆணின் கடை. கொப்பரேட்டிவ்வில் நிற்பவரும் ஆண், டவுன் பார்மசியில் நிற்பவரும் பெரும்பாலும் ஆண். கடன் புத்தகத்தில் அரிசி, மா, சீனிக்குக் கீழே இதை எழுதச் சொல்வது எப்படி? கணவனோ மாமனோ சம்பளத்தன்று அந்தப் புத்தகத்தைப் புரட்டுவாரே!

வெட்கத்துக்கு மேல் வரி. 2018 வரை இலங்கைக்கு இறக்குமதியாகும் நப்கினுக்கு மொத்த வரி 101.2 சதவீதம். 100 ரூபாய்க்குத் துறைமுகத்தில் இறங்கும் பொருள் 201 ரூபாய் 20 சதமாக வெளியே வரும். சுங்கவரி, வற் வரி, துறைமுக வரி, தேசநிர்மாண வரி, எல்லாவற்றுக்கும் மேல் ‘செஸ்’. உள்ளூர் உற்பத்தியைக் காப்பாற்றத்தான் செஸ் என்றார்கள். 2018 செப்டம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர செஸ்ஸை நீக்கினார்; வரி 62.6 சதவீதத்துக்கு இறங்கியது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாச இலவச நப்கின் தருவதாக வாக்களித்தபோது எதிரணியினர் அவரை ‘பேட் மேன்’ என்று கேலி செய்தார்கள். அவர் அந்தப் பட்டத்தை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார். தேர்தலில் தோற்றார். ஆனால் மேடையில் ஆண்கள் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னது இந்த நாட்டு அரசியலில் ஒரு திருப்பம்.

2022இல் பொருளாதாரம் விழுந்தது. அந்த ஒக்டோபரில் உள்ளூர் உற்பத்தியாளரின் மூலப்பொருட்களுக்கு அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்து, பத்து நப்கின் கொண்ட பக்கெட்டின் உச்ச விலை 260, 270 ரூபாயாக இருக்கும் என்று அறிவித்தது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். தாயும் இரண்டு மகள்களும் இருக்கும் காம்பராவில் மாதம் மூன்று பக்கெட் என்று வைத்தால் முக்கால் நாள் சம்பளத்துக்கு மேல். சலுகைக்குப் பிறகு வந்த விலை இது!

வாங்காமல் இருந்தால் மட்டும் மிச்சமா? 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 450, வரவுக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30, ஆக 620. அந்த 140 ரூபாய், மாதத்தில் 75 சதவீத நாள் வேலைக்கு வந்தவருக்கே. 25 நாள் வேலை கொடுத்த மாதத்தில் 19 நாள் போனவளுக்குக் கிடைக்கும். உதிரப்போக்கும் இடுப்புவலியுமாக ஒரு நாள் கூடப் படுத்து 18 நாளோடு நின்றவளுக்கு, வந்த அந்த 18 நாளுக்கும் கிடைக்காது. 2,520 ரூபாய் போயிற்று. ஒரு நாள் படுக்கையின் விலை இவ்வளவு என்று எந்தத் தொழிற்சங்கமும் பேச்சுவார்த்தை மேசையில் கணக்குப் போட்டதாக நான் அறியேன். மேசையில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள்.

இந்த இடத்தில் மலிவான நப்கினைத் தேடிக் கடலைத் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போக வேண்டும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய நம் உறவுகளில் ஒரு பங்கு, கோவைக்கு மேலேயுள்ள நீலகிரியில் குடியேறியது. அவர்களுக்காகவே 1968இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்றைய டேன்டீ அதுதான். அந்த மலைக்குக் கீழே, பட்டறையில் வேலை செய்த அருணாசலம் முருகானந்தம் 1998இல் திருமணமான புதிதில், மனைவி எதையோ முதுகுக்குப் பின்னால் மறைப்பதைக் கண்டார். பழந்துணி. கடையில் விற்பதை வாங்கக்கூடாதா என்று கேட்டதற்கு, வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்க முடியாது என்று மனைவி சாந்தி பதில் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது இந்திப் படம் வரைக்கும் போன கதை. பஞ்சில் செய்து பார்த்தார், சரிவரவில்லை. கால்பந்தின் உள்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். ஊர் பைத்தியம் என்றது, மனைவியும் சில காலம் பிரிந்துபோனார். கம்பனி நப்கினுக்குள் இருப்பது பருத்தியல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டே கால் ஆண்டு ஆனது. கூழை அரைத்துப் பஞ்சாக்க ஒன்று, அச்சில் அமுக்க ஒன்று, மேல்துணி சுற்றி ஒட்ட ஒன்று, புறஊதா ஒளியில் கிருமி நீக்க ஒன்று என்று, கிராமத்துப் பெண் கையால் இயக்கக்கூடிய இயந்திரத்தை உருவாக்கினார். 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதைக் காட்டினார், 2016இல் பத்மஸ்ரீ. பெரிய கம்பனிகளுக்கு விற்காமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கே கொடுத்தார். உத்தரப் பிரதேசத்தின் காத்திகேரா கிராமத்துப் பெண்கள் அவருடைய இயந்திரத்தில் நப்கின் செய்த கதைதான் 2019இல் ஒஸ்கார் வாங்கிய ஆவணப்படம்.

முருகானந்தத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் கணக்கைப் பார்க்காமல் விட முடியாது. 2014இல் வெளிவந்த விவரப்படி ஓர் இயந்திரம் பத்துப் பெண்களுக்கு வேலை தரும், நாளொன்றுக்கு 200 முதல் 250 நப்கின் செய்யும், ஒன்று சராசரி இரண்டரை இந்திய ரூபாய்க்குப் போகும். 250ஐயும் விற்றால் 625 ரூபாய். பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு அறுபத்திரண்டரை; அதிலும் மரக்கூழ், மேல்துணி, பசை, மின்சாரம் எல்லாம் கழிய வேண்டும். இயந்திரம் மட்டும் ஒரு பெண்ணை முதலாளியாக்கிவிடாது. அந்தத் திட்டத்தில் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. செய்த நப்கினைக் கடைக்கு அனுப்பாமல் பெண்களே வீடுவீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். எப்படி வைப்பது, எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். காசில்லாதவளிடம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். எந்தக் கம்பனி முகவரும் வெங்காயம் வாங்கமாட்டான்.

தமிழ்நாட்டு அரசு 2012இல் ‘புதுயுகம்’ திட்டத்தைத் தொடங்கிக் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பக்கெட் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஒரே பாட்டியின் பேத்திகளில் கோத்தகிரிப் பக்கம் போனவளுக்கு அது இலவசம். லுணுகலையில் தங்கியவளுக்கு 2018 வரை 101.2 சதவீத வரி. 1964இல் கையெழுத்துப் போட்டவர்கள் இப்படியும் ஒரு வித்தியாசம் வரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

துணி வழியிலும் பெண்களின் தொழில் வளர்ந்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே ஓரோவிலில் 2010இல் தொடங்கிய ‘ஈகோ ஃபெம்’, சுற்றுக் கிராமத்துப் பெண்களைக் கொண்டு துவைத்துப் பாவிக்கும் நப்கின்களைத் தைக்கிறது. வெளிநாட்டில் ஒருத்தி ஒன்று வாங்கினால் இந்தியாவில் ஒரு மாணவிக்கு ஒன்று இலவசமாகப் போகிறது. இலங்கையில் குருநாகலையில் சாண்ட்ரா வந்துராகல 1991இல் தொடங்கிய கைத்தறி நிறுவனம் ‘செலின்’. அதுவும் அண்மைய ஆண்டுகளில் துவைத்துப் பாவிக்கும் நப்கினில் இறங்கியது. நெசவும் தையலும் பெண்கள் கையில். ஒருமுறை வாங்கினால் பல மாதம் பாவிக்கலாம் என்பதால் விலைக்கணக்கில் இது கம்பனி நப்கினை வெல்லும். லயத்தில் இதற்கு இடைஞ்சல் அந்த இரண்டு பருவங்களும் அந்த ஒற்றைக் கொடியும்தான். வீசியெறியும் நப்கினுக்கும் லயத்தில் வேறு தொல்லை இருக்கிறது. எறிய இடமில்லை. கானில் போட்டால் அடைக்கும், தேயிலைக்குள் புதைத்தால் நாய் கிளறும், அடுப்பில் போட்டால் பிளாஸ்டிக் நாற்றம் லயம் முழுக்க வீசும். இரண்டில் எது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. மழைக்காலத்துக்கு ஒன்றும் வெயிற்காலத்துக்கு ஒன்றுமாக இரண்டையும் லயத்துப் பெண்ணின் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதுதான் வழி.

கைக்கெட்டும் தூரம் என்றால் பக்கத்துக் காம்பரா. தோட்டங்களில் பெண்களின் சில்லறை வியாபாரம் புதிதல்ல. லயத்துக் காம்பராவின் முன்பக்கத்தை மறித்து வடை, வெற்றிலை, சவர்க்காரம் விற்றவர்கள், பதுளைக்குப் போய்ச் சேலை எடுத்துவந்து தவணைக்குக் கொடுத்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. நப்கின் அந்த மூட்டைக்குள் நுழைந்ததும் வியாபாரத்தின் தன்மையே மாறிவிடுகிறது. ‘அக்கா, அந்தச் சாமான் இருக்குங்களா?’ என்று ஒரு பிள்ளை இரவு எட்டு மணிக்கு வந்து மெல்லக் கேட்க முடியும். பக்கெட்டைப் பிரித்து மூன்று, நான்கு என்று கொடுக்க முடியும். பத்தாந்திகதிச் சம்பளம் வரை கடன் நிற்கும். கடன் புத்தகத்தில் என்ன பெயரில் எழுதுவது என்பது அவர்கள் இருவருக்குள் இருக்கும். கோடெக்ஸ்காரன் பெட்டி வைத்துத் தீர்த்ததை இங்கே ஓர் அக்கா தீர்க்கிறாள். பெட்டி கடன் கொடுக்காது.

அந்த அக்காவுக்குத் தடையாக நிற்பது வெட்கமல்ல, கையில் முதல் இல்லாததுதான். மொத்த விலையில் எடுக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ் செலவும் ஒரு நாள் பேரும் போகும். பத்துப் பதினைந்து பக்கெட்டுக்கு மேல் எடுக்கக் கையில் காசிருக்காது. சரக்கெடுக்க வாராவாரம் வட்டி கட்டும் நுண்கடனை வாங்கினால், மாதக் கடனுக்கு விற்பவள் வாரத் தவணையில் முழுகிப்போவாள். மலைநாட்டில் நுண்கடன் பெண்களை என்ன செய்தது என்பதைத் தனியாக ஓர் இதழில் எழுத வேண்டும்.

2024இல் கஷ்டப் பிரதேசப் பாடசாலை மாணவியர் சுமார் எட்டு லட்சம் பேருக்கு இலவச நப்கின் திட்டம் வந்தது. நல்ல காரியம், காலம் கடந்தேனும் வந்தது. அது பாடசாலைப் பிள்ளைக்கு மட்டும். சாதாரணதரத்தோடு நின்றுவிட்ட மகளுக்கும், கூடை தூக்கும் தாய்க்கும் அதில் பங்கில்லை. தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது, பல தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா பார்க்கும் பெண் உத்தியோகத்தர் இருக்கிறார். விற்கும் பெண்ணுக்கு ஐம்பது பக்கெட்டை மொத்த விலையில் முன்கூட்டிக் கொடுத்து, சம்பளத்துக்குப் பிறகு பணம் வாங்க இந்த அமைப்புகளில் ஒன்று முன்வந்தால் போதும். புதிய சட்டமோ வெளிநாட்டு இயந்திரமோ இதற்குத் தேவையில்லை.

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து வாசகிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்தில் இப்படி விற்றவர்கள், விற்பவர்கள் இருந்தால் எந்த ஆண்டு தொடங்கினார்கள், முதல் சரக்கை எங்கே எடுத்தார்கள், அப்போது பக்கெட் என்ன விலை என்று எழுதி அனுப்புங்கள். பழைய கடன் கொப்பி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். துரைமார் எழுதாத வரலாறு அதில்தான் இருக்கும். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடமாட்டோம்.

அடுத்த இதழில்: பிள்ளைக்காம்பராவும் ஆயம்மாவும்.